புது கிராபிக்ஸ் கார்டு... மாற்றலாமா, காத்திருக்கலாமா?

2025 ஜனவரி 6. லாஸ் வேகாஸ் நகரில் சி.இ.எஸ் கண்காட்சி. மேடையேறிய என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங், ஆர்.டி.எக்ஸ் 50 வரிசை கிராபிக்ஸ் கார்டுகளை அறிமுகம் செய்தார். அவற்றில் ஓர் அறிவிப்பு கேமிங் பிரியர்களை நிமிர்ந்து உட்கார வைத்தது. 549 டாலருக்கு வரப்போகும் ஆர்.டி.எக்ஸ் 5070, 2022-இல் 1,599 டாலருக்கு வெளிவந்த ஆர்.டி.எக்ஸ் 4090-க்கு நிகரான வேகம் தரும் என்றார் அவர். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விலையில் உச்ச கார்டின் வேகம்!

மார்ச் 5-ஆம் தேதி 5070 கடைக்கு வந்தது. வாங்கிச் சோதித்தவர்கள் கண்ட கதை வேறு. செயற்கை ஃபிரேம்களை அணைத்துவிட்டு அளந்தபோது, முந்தைய வரிசையின் 4070 சூப்பரைவிட அது ஒருசில சதவீதம்தான் முன்னே நின்றது. 4090 எட்டாத தூரத்தில் இருந்தது. மேடையில் சொன்னது, ஏ.ஐ உருவாக்கும் ஃபிரேம்களையும் சேர்த்துப் போட்ட கணக்கு.

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதிய வரிசை வருகிறது. வந்த அன்றே யூடியூப் முழுக்க அதே பேச்சு. கையில் இருக்கும் கார்டு ஒரே இரவில் பழசாகிவிட்டதுபோல் ஓர் உணர்வு. 5070-க்கு என்விடியா இந்தியாவில் அறிவித்த தொடக்க விலை 59,000 ரூபாய். 5070 டி.ஐ 80,000. 5080 என்றால் 1,07,000. உச்சத்தில் இருக்கும் 5090-க்கு 2,14,000. நம் வீடுகளில் இது சின்னத் தொகை இல்லை. வேலைக்குச் சேர்ந்து ஓரிரு ஆண்டுகளே ஆன ஓர் இளைஞருக்கு ஒரு மாதச் சம்பளத்தையும் தாண்டும். கல்லூரி மாணவர் என்றால் அப்பாவின் பணம். இ.எம்.ஐ போட்டால் அடுத்த ஓராண்டுக்கு மாதாமாதம் கையைக் கடிக்கும். அதனால்தான் இந்த முடிவை நிதானமாக எடுக்க வேண்டும் என்கிறோம். புதிது வந்துவிட்டது என்பது வாங்குவதற்கான காரணம் ஆகாது. உங்கள் கணினி உங்கள் தேவையைத் தாங்கவில்லை என்பதுதான் காரணம்.

ஃபிரேம் எண்ணிக்கையும் கை உணரும் வேகமும்

திரையில் விநாடிக்கு 60 ஃபிரேம் ஓடினால், ஒவ்வொரு ஃபிரேமும் வர ஏறத்தாழ 16.7 மில்லி விநாடி ஆகும். 120 ஃபிரேம் என்றால் 8.3 மில்லி விநாடி. ஃபிரேம் கூடக் கூட இரண்டு நன்மைகள். காட்சி வழுக்கிக்கொண்டு ஓடும்; மவுஸை அசைத்ததும் திரை உடனே பதில் சொல்லும்.

50 வரிசையின் முக்கிய அம்சமான மல்ட்டி ஃபிரேம் ஜெனரேஷன், கார்டு உண்மையாக வரைந்த இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே ஒன்றுக்கு மேற்பட்ட ஃபிரேம்களை ஏ.ஐ மூலம் உருவாக்கிச் செருகுகிறது. முதல் நன்மை இதில் கிடைத்துவிடும். இரண்டாவது கிடைக்காது. உண்மையில் 30 ஃபிரேம் மட்டுமே வரையக்கூடிய கேமை 120 என்று காட்டினால், கண்ணுக்கு 120 தெரியும். கைக்கு 30-இன் தாமதம்தான், இடைச்செருகலுக்கு ஆகும் நேரத்தால் அதைவிடக் கொஞ்சம் கூடவே இருக்கும். 60, 70 ஃபிரேம் ஏற்கெனவே வரும் கேமில் இதைப் போட்டால் அருமையாக இருக்கிறது. வேகத்துக்குத் திணறும் கார்டை இது காப்பாற்றாது. வேலரன்ட், கவுன்ட்டர் ஸ்ட்ரைக் போல விரல் வேகத்தில் வெற்றி தோல்வி தீர்மானமாகும் கேம்களுக்கு இதனால் பயனே இல்லை.

ஆகவே எந்த விளம்பர வரைபடத்தைப் பார்த்தாலும், அடியில் சின்ன எழுத்தில் இருப்பதை முதலில் படியுங்கள். ஃபிரேம் ஜெனரேஷன் இல்லாமல் எடுத்த அளவு எங்கே என்று தேடுங்கள். அப்படித் தேடினால், 5080 முந்தைய 4080 சூப்பரைவிட ஏறத்தாழ 10 முதல் 15 சதவீதமே வேகம் என்பது புரியும். லட்ச ரூபாய்க்கு அது போதுமா என்று நீங்களே முடிவு செய்யலாம்.

இன்னொரு செய்தியும் பலரைச் சென்று சேரவில்லை. குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து ஏ.ஐ மூலம் துல்லியமாகப் பெரிதாக்கித் தரும் டி.எல்.எஸ்.எஸ் 4 தொழில்நுட்பம், 2018-இல் வந்த ஆர்.டி.எக்ஸ் 20 வரிசையிலிருந்து எல்லா ஆர்.டி.எக்ஸ் கார்டுகளுக்கும் இலவசமாகவே கிடைத்திருக்கிறது. படம் முன்னைவிடத் தெளிவாக வருகிறது. டிரைவரைப் புதுப்பித்து கேமின் செட்டிங்ஸை மாற்றினாலே ஓரளவுக்குப் புதுக் கார்டின் பலன் கிடைக்கும்.

முதலில் உங்கள் கணினியைச் சோதியுங்கள்

கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். நீங்கள் அதிகம் விளையாடும் கேமைத் திறந்து, எம்.எஸ்.ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளின் உதவியால் திரையின் ஓரத்தில் அளவுகளை ஓட விடுங்கள். சுமை அதிகமுள்ள காட்சியில் கால் மணி நேரம் விளையாடுங்கள். கிராபிக்ஸ் கார்டின் பயன்பாடு 95 சதவீதத்துக்கு மேலேயே நின்றால், வேகத்தைத் தடுப்பது கார்டுதான். 60, 70 சதவீதத்தில் ஏறி இறங்கிக்கொண்டு, ஃபிரேமும் உயராமல் இருந்தால் தடை பெரும்பாலும் பிராசஸரில் இருக்கிறது. அங்கே 80,000 ரூபாய்க்குக் கார்டு மாற்றினாலும் வித்தியாசம் தெரியாது.

அதோடு வெப்பநிலையையும் பாருங்கள். 85 டிகிரிக்கு மேல் போய், கார்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறதா? நான்கைந்து ஆண்டு ஓடிய கார்டில் தூசி அடைத்திருக்கும், தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். நம் ஊர் வெயிலுக்கும் தூசிக்கும் இது சகஜம். ஒரு தெர்மல் பேஸ்ட் டியூபும் ஒரு மாலை நேரமும் செலவிட்டால் இழந்த வேகம் திரும்பி வரும். ரேம் ஒரே ஸ்டிக்காக இருந்தால், அதே அளவில் இன்னொன்றைச் சேர்த்து இரட்டைச் சேனலில் ஓட விடுங்கள்.

அடுத்தது மானிட்டர். 1080பி திரையில் ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள். 1440பி-யில் 36.9 லட்சம். 4கே திரையில் 82.9 லட்சம், அதாவது 1080பி-யைப் போல் 4 மடங்கு. கார்டின் சுமையை முதலில் தீர்மானிப்பது இதுதான். 60 ஹெர்ட்ஸ் மானிட்டரை வைத்துக்கொண்டு 150 ஃபிரேம் தரும் கார்டை வாங்கினால், விநாடிக்கு 60 ஃபிரேமுக்கு மேல் திரை காட்டப்போவதில்லை. இப்படிப்பட்டவர்களுக்கு முதல் செலவு மானிட்டராக இருப்பதே நியாயம்.

பெட்டியின் மூலையில் ஓர் எண்

வேகத்தைவிடக் கார்டின் ஆயுளைத் தீர்மானிப்பது வி-ரேம், அதாவது கார்டிலேயே இருக்கும் மெமரி. கேமின் சுவர், தரை, முகம் எல்லாவற்றின் வண்ணப் படலங்களும் அங்கேதான் ஏறி நிற்க வேண்டும். இடம் போதாவிட்டால் கணினியின் பொது ரேமுக்கு ஓட வேண்டியிருக்கும். அந்தப் பாதை பல மடங்கு மெதுவானது. சராசரி ஃபிரேம் நன்றாக இருப்பதுபோல் தெரியும். திடீர் திடீரென்று காட்சி விக்கி நிற்கும், சுவரெல்லாம் சேறு பூசியதுபோல் மங்கும்.

2025 ஏப்ரலில் வந்த ஆர்.டி.எக்ஸ் 5060 டி.ஐ இதற்கு நல்ல உதாரணம். ஒரே பெயர், ஒரே சிப். ஆனால் 8 ஜி.பி 379 டாலர், 16 ஜி.பி 429 டாலர் என்று இரண்டு வடிவங்கள். ஜூனில் வந்த ஏ.எம்.டி-யின் ஆர்.எக்ஸ் 9060 எக்ஸ்.டி-யும் அப்படியே, 299 டாலருக்கு 8 ஜி.பி, 349 டாலருக்கு 16 ஜி.பி. பெட்டியின் முகப்பில் பெரிதாக இருப்பது கார்டின் பெயர். ஜி.பி எவ்வளவு என்பது மூலையில் சிறிதாக இருக்கும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பேரம் பேசும்போதும் ஆன்லைனில் ஆர்டர் போடும்போதும் பலரும் ஏமாறும் இடம் இதுதான். விலை குறைவாகக் கிடைக்கிறது என்று மகிழ்ந்து வாங்கிவந்தால் அது 8 ஜி.பி-யாக இருக்கும். புதிதாக வாங்கி நான்கைந்து ஆண்டு வைத்துக்கொள்ள நினைப்பவர்கள், கைப்பிடித்தம் செய்து கொஞ்சம் கூடுதலாகச் சேர்த்தாவது 16 ஜி.பி வாங்குவதே சரி. கடையில் பில் போடும் முன் பெட்டியைக் கையில் வாங்கி அந்த எண்ணைப் பாருங்கள்.

கார்டோடு வரும் மற்ற செலவுகள்

கார்டின் விலை மட்டுமே செலவு என்று நினைத்து இறங்குபவர்கள் பாதியில் திணறுகிறார்கள். முதலில் எஸ்.எம்.பி.எஸ், அதாவது கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி. 5070-க்கு 650 வாட், 5070 டி.ஐ-க்கு 750, 5080-க்கு 850, 5090-க்கு 1,000 வாட் என்பது என்விடியாவின் பரிந்துரை. பழைய கணினியில் 450 வாட் எஸ்.எம்.பி.எஸ் இருந்தால் அதையும் மாற்றியாக வேண்டும். இதில் மலிவுச் சரக்கு வேண்டவே வேண்டாம். அது பழுதானால் கார்டையும் மதர்போர்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

இரண்டாவது, மின் இணைப்பு. 50 வரிசையின் பெரிய கார்டுகளில் 16 முனை கொண்ட ஒற்றைப் பிளக் வருகிறது. 2022 அக்டோபரில் 4090 கார்டுகள் சிலவற்றில் இந்த வகைப் பிளக் உருகிய செய்திகள் வந்தன. முழுதாக உள்ளே சொருகப்படாததே அவற்றில் பொதுவாகக் கண்ட காரணம் என்று என்விடியா அப்போது சொன்னது. பின்னர் பிளக்கின் வடிவமைப்பும் திருத்தப்பட்டது. ஆனாலும் சொருகும்போது இடைவெளி தெரியாத அளவுக்கு அழுத்தி, வயர் பிளக்கின் அருகிலேயே மடங்காமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

மூன்றாவது, கேபினட். மூன்று விசிறி கொண்ட கார்டுகள் பலவும் 30 சென்டிமீட்டரைத் தாண்டும். முன்பக்க விசிறிக்கும் கார்டு நிற்கும் இடத்துக்கும் நடுவே ஸ்கேல் வைத்து அளந்துகொண்டு கடைக்குப் போங்கள்.

நான்காவது, மதர்போர்டு. 5060, 5060 டி.ஐ இரண்டும் பி.சி.ஐ.இ இணைப்பில் 8 லேன்களை, அதாவது தரவு ஓடும் பாதைகளை, மட்டுமே பயன்படுத்துகின்றன. இன்டெல் 10-ஆம் தலைமுறை வரையான கணினிகளும் ஏ.எம்.டி-யின் பி450 போர்டுகளும் பழைய பி.சி.ஐ.இ 3.0-தான். அங்கே இந்த 8 லேன் கார்டுகளுக்குப் பாதை குறுகலாகிவிடும். 8 ஜி.பி வடிவம் என்றால் அடி இன்னும் பலமாக விழும். அத்தகைய கணினிக்கு, 16 லேன் உள்ள 9060 எக்ஸ்.டி பொருத்தமாக இருக்கும்.

கடைசியாக கரன்ட் பில். 115 வாட் இழுக்கும் 4060-இலிருந்து 250 வாட் இழுக்கும் 5070-க்கு மாறி, நாளுக்கு 4 மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டினால், இரண்டு மாத பில்லில் ஏறத்தாழ 32 யூனிட் கூடும். அறையில் சேரும் வெப்பத்துக்காக ஏ.சி ஓடினால் அது தனிக் கணக்கு.

விலை ஏன் இறங்குவதில்லை?

2016-இல் ஜி.டி.எக்ஸ் 1060 வந்தபோது அதன் 6 ஜி.பி வடிவத்தின் விலை 249 டாலர். நடுத்தர வர்க்கத்தின் கார்டு என்று அதைச் சொல்லலாம். இன்று விலை நிலவரம் அப்படி இல்லை. காரணம் கணக்குப் புத்தகத்திலேயே இருக்கிறது. 2025 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் என்விடியாவின் மொத்த வருவாய் 13,050 கோடி டாலர். அதில் ஏ.ஐ டேட்டா சென்டர் பிரிவு மட்டும் 11,520 கோடி. கேமிங் 1,140 கோடி; பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒரே தொழிற்சாலையில் ஒரே சிலிக்கானுக்குப் போட்டி என்றால் எந்த வாடிக்கையாளருக்கு முன்னுரிமை கிடைக்கும் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

மெமரிக்கும் இதே நிலைதான். டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போவதால் 2025 இறுதியில் ரேம் விலை கடுமையாக ஏறியது. டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், வீட்டுக் கணினிகளுக்கு ரேமும் எஸ்.எஸ்.டி-யும் விற்றுவந்த குருஷியல் பிராண்டிலிருந்தே விலகுவதாக அறிவித்தது. கிராபிக்ஸ் கார்டிலும் மெமரி இருக்கிறது. அந்தச் சுமை அங்கேயும் வந்து சேரும். எனவே, தேவை உண்மையாகவே இருப்பவர்கள் விலை பாதியாகும் என்று ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதில் அர்த்தமில்லை. நியாயமான விலை கண்ணில் பட்டால் வாங்கிவிடலாம்.

அதே நேரம் முதல் நாளே ஓட வேண்டாம். 50 வரிசை வந்த புதிதில் சில 5090, 5080, 5070 டி.ஐ கார்டுகளில் ஆர்.ஓ.பி எனும் வரைகலைப் பகுதிகள் குறைவாக இருந்தது தெரியவந்து, என்விடியா அதை ஒப்புக்கொண்டது. பாதிக்கப்பட்டவர்கள் கார்டை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. திரை கறுத்துப்போகும் டிரைவர் கோளாறுக்கும் அடுத்தடுத்து திருத்தங்கள் வந்தன. இரண்டு, மூன்று மாதம் பொறுத்தவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

தொழிலுக்கு வாங்குபவர்கள் கணக்கு வேறு

கல்யாண வீடியோ எடிட் செய்பவர்களுக்கு 50 வரிசையில் ஓர் உண்மையான லாபம் இருக்கிறது. சோனி, கேனான் மிரர்லெஸ் கேமராக்களில் பலர் 10 பிட் 4:2:2 என்ற தரத்தில் பதிவு செய்கிறார்கள். நிறத்தைத் திருத்த இது வசதி. ஆனால் முந்தைய ஜிஃபோர்ஸ் கார்டுகளால் இந்த வடிவத்தை வன்பொருளில் பிரித்துப் படிக்க முடியாது. அதனால் டைம்லைன் தத்தளிக்கும். பிராக்ஸி கோப்பு உருவாக்கிவிட்டுத்தான் வேலையையே தொடங்க வேண்டியிருக்கும். 50 வரிசை இதை வன்பொருளிலேயே செய்கிறது. முகூர்த்த மாதத்தில் வாரத்துக்கு இரண்டு, மூன்று ஆல்பம் முடித்தாக வேண்டியவருக்கு மிச்சமாகும் நேரமே பணம். எடிட்டிங் மென்பொருளின் புதிய பதிப்பு இதை ஆதரிக்கிறதா என்று மட்டும் முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். பிளெண்டரில் 3டி ரெண்டர் செய்பவர்களுக்கும், ஏ.ஐ மாடல்களை வீட்டிலேயே ஓட்டுபவர்களுக்கும் வேகத்தைவிட வி-ரேம் முக்கியம். ஜி.எஸ்.டி பதிவு உள்ளவர்கள் தொழிலுக்கு வாங்கும்போது, கட்டிய 18 சதவீத வரியை உள்ளீட்டு வரி வரவாக எடுக்க முடியுமா என்று ஆடிட்டரிடம் கேளுங்கள்.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

வாங்கலாம், கண்ணைத் திறந்துகொண்டு. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் மைனிங் முறையைக் கைவிட்டதும் இரவு பகல் ஓடிய கார்டுகள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. ஆர்.டி.எக்ஸ் 30 வரிசையில் அவை இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. ஒரிஜினல் பில் இருக்கிறதா, சீரியல் எண் கார்டிலும் பெட்டியிலும் ஒன்றுதானா, வாரன்டி மிச்சம் உண்டா என்று பாருங்கள். உங்கள் கண் முன்னே கணினியில் மாட்டி, ஃபர்மார்க் போன்ற சோதனையை 20 நிமிடமாவது ஓட விடச் சொல்லுங்கள். திரையில் வண்ணப் பொட்டுகள், கோடுகள் தெரிந்தாலோ விசிறி கரகரத்தாலோ எழுந்து வந்துவிடுங்கள். சோதித்துக் காட்ட மறுப்பவரிடம் வாங்கவே கூடாது.

யாருக்கு என்ன முடிவு?

ஜி.டி.எக்ஸ் 10 வரிசை வைத்திருப்பவர்கள் தாராளமாக மாற்றலாம். புதிய கேம்களுக்கான டிரைவர் ஆதரவு அவற்றுக்கு 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது. 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும். இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள், டூம்: த டார்க் ஏஜஸ் போன்ற கேம்கள் ரே டிரேசிங் வன்பொருளைக் கட்டாயமாகக் கேட்கின்றன. ஜி.டி.எக்ஸ் 16 வரிசைக்கு டிரைவர் தொடர்ந்தாலும் இந்தக் கதவு அதற்கும் மூடித்தான் இருக்கிறது.

ஆர்.டி.எக்ஸ் 2060-க்கு 6 ஜி.பி வி-ரேம் நெருக்கடியாகிவிட்டது. பணம் கையில் இருந்தால் மாற்றலாம். 12 ஜி.பி உள்ள 3060-ஐ 1080பி திரையில் ஓட்டுபவர்கள், செட்டிங்ஸை ஒரு படி இறக்கிக்கொண்டு இன்னும் ஓராண்டு தாராளமாக ஓட்டலாம். 1440பி-க்குப் போகிறவர்களுக்கு 5070 ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகம். ஆனால் அதில் இருப்பதும் அதே 12 ஜி.பி. 16 ஜி.பி உள்ள ஏ.எம்.டி ஆர்.எக்ஸ் 9070-ஐயும் விலை கேட்டுப் பாருங்கள். 8 ஜி.பி உள்ள 3070-ஐ 1440பி-யில் ஓட்டித் திணறுபவர்களுக்கும் அடுத்த கார்டு 16 ஜி.பி-யாக இருக்கட்டும்.

ஆர்.டி.எக்ஸ் 40 வரிசை வைத்திருப்பவர்கள் இந்த முறை அமைதியாக உட்காருங்கள். சிப்பின் உள்ளே வளர்ச்சி சிறிது, செலவு பெரிது. ஜி.டி.ஏ 6-க்காக இப்போதே தயாராகிறேன் என்பவர்களும் பொறுங்கள். ஜி.டி.ஏ 5, கன்சோலில் 2013 செப்டம்பரில் வந்தது. கணினிக்கு வந்தது 2015 ஏப்ரலில். ராக்ஸ்டார் நிறுவனம் ஜி.டி.ஏ 6-ஐ அறிவித்ததும் கன்சோல்களுக்குத்தான். அது கணினிக்கு வரும் நாளில் அதற்கேற்ற கார்டைப் பார்த்துக்கொள்ளலாம்.

வாங்குவது என்று முடிவெடுத்தால், ஜி.எஸ்.டி பில்லோடு, இந்தியாவில் சர்வீஸ் சென்டர் உள்ள பிராண்டாக, வாரன்டி எத்தனை ஆண்டு என்று கேட்டு வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து கையில் கொண்டுவந்த கார்டுக்கு இங்கே வாரன்டி செல்லுமா என்பதை முதலிலேயே விசாரியுங்கள். வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் அது தோல்வி இல்லை. நீங்கள் வாங்கி வைத்து இன்னும் தொடாத கேம்கள் பலவும் இப்போது இருக்கும் கார்டிலேயே அழகாக ஓடும். அவற்றை விளையாடி முடியுங்கள். அதற்குப் பிறகும் கார்டு போதவில்லை என்றால், அப்போது கடைக்குப் போங்கள்.